களை எடுக்காத பாதி

ரப்பர் மரங்களை முறித்தபின் வெறுமையாகக் கிடந்த நாற்பது சென்ட் விளை நிலத்தில் சோயா போடலாம் என்று ஜெபசீலன் முடிவெடுத்தபோது, மனைவி ரெஜிலாவிடம் கேட்கவில்லை. வேலை செய்யப்போகிறவளிடம் கேட்பது அந்த வீட்டு வழக்கமல்ல. அருமனைப் பக்கம் யாரும் போட்டுப் பார்க்காத பயிர். விதை வேளாண்மை அலுவலகம் கொடுத்த இனாம். ஒரே ஒரு நிபந்தனை. பின்பாதியில் இரண்டுமுறை களை எடுக்க வேண்டும், ரோட்டோரப் பாதியில் ஒரு புல்லைக்கூடத் தொடக் கூடாது. களை எவ்வளவு விளைச்சலைத் தின்கிறது என்று நிறுத்துப் பார்க்கும் சோதனையாம். உதவி அலுவலர் ஸ்டெனி ரோட்டோரத்தில் ‘களை எடுக்காத பகுதி’ என்று பலகையும் நட்டுவிட்டுப் போனார்.

அது சர்ச்சுக்குப் போகிற ரோடு. வினை அங்கேதான் இருந்தது. சபைக் கமிட்டித் தேர்தலுக்கு நான்கு மாதம். மஸ்கட்டில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த ஜெபசீலன், இந்த முறை ஜெயித்தே தீருவது என்று கங்கணம் கட்டியிருந்தார். எதிர்த்து நின்ற ராஜகுமார் இரண்டாம் ஞாயிறே அந்தப் பலகையை நின்று நிதானமாக வாசித்தார். சொந்த விளையில் புல் பறிக்க உடம்பு வணங்காதவனா சபையைப் பார்க்கப்போகிறான் என்று ஆராதனை முடிந்து வந்தவர்களிடம் விசாரித்தும் வைத்தார்.

அரசாங்கப் பலகையைப் பிடுங்க ஜெபசீலனுக்குப் பயம். புல்லைப் பிடுங்கலாமே! அதையும் அவர் பிடுங்க முடியாது, மஸ்கட்டிலிருந்து கூடவே வந்த இடுப்புவலி இருந்தது. சனிக்கிழமைதோறும் ரோட்டோரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ரெஜிலாவுக்கு உத்தரவானது. ஆபீசர் சொன்னது இதற்கு நேர்மாறாயிற்றே என்றாள்.

“பின்பக்கம் யாருட்டி பாக்கா?” என்றார்.

நாற்பது நாள் அவள் குனிந்த இடுப்பு நிமிரவில்லை. கோரையும் தொட்டாற்சுருங்கியும் கிண்டி எடுக்க எடுக்க முளைத்தன. முன்பாதி தளதளவென்று எழுந்தது. பின்பாதிக்குப் போக அவளுக்கு நேரமில்லை. அங்கே செடிகள் புல்லுக்குள் மூச்சுமுட்டி, வெளிறி, நாலைந்து காயோடு நின்றன. ஏழு பஞ்சாயத்தைக் கட்டி மேய்த்த ஸ்டெனிக்கு எல்லாம் வாட்ஸ்அப் மேற்பார்வைதான். பின்பாதியை முன்பாதி என்றும், முன்பாதியைப் பின்பாதி என்றும் ஜெபசீலன் படம் அனுப்பினார். பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது.

அறுவடை நாளில் தராசுக்கு வாட்ஸ்அப் தெரியவில்லை. களை எடுத்ததாகச் சொன்ன பின்பாதி முப்பத்தைந்து கிலோ. பலகை நின்ற முன்பாதி எண்பது. அறுப்பு முடிந்தபின் வந்த ஸ்டெனி மூன்றுமுறை நிறுத்துப் பார்த்தார். ஜெபசீலன் உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது; ஏமாற்றியது வெளியே வரக்கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. மேலதிகாரிகளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. களையோடு சேர்ந்து வளரும் சோயா, பாடுபடாமலே இரட்டிப்பு விளைச்சல் என்று அறிக்கை பறந்தது.

தேர்தலுக்கு முந்தின வாரம் சபை மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம். ஜெபசீலனுக்குப் பொன்னாடை போர்த்திய மேலதிகாரி, அந்தப் பாதியில் ஒரு கையும் படவில்லை என்று முழங்கினார். ஜெபசீலன் ஆமென்று தலையாட்டினார். பெண்கள் வரிசையில் ரெஜிலா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஷிபா எழுந்தாள். புருஷன் இல்லாதவள்; ரோட்டோரச் செழிப்பைப் பார்த்து, குத்தகைக்கு எடுத்த முப்பது சென்டில் சோயா விதைத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் கதி.

“அண்ணே, ரோட்டோரம் சுத்தமாத்தானே கெடந்து. அது கை படாமலா? அப்போ நானும் களை பறிக்கண்டாமா?”

ஜெபசீலன் முன்வரிசையில் இருந்த ராஜகுமாரைப் பார்த்தார். பிறகு ஷிபாவைப் பார்த்தார். “வேண்டாம்” என்றார்.

ரெஜிலா எழுந்துவிட்டாள்.

“ஷிபா, பறிக்கணும். முதல் நாப்பது நாளு விட்டா பாதிக்குமேல புல்லு தின்னுரும். முன்பாதிய நான்தான் பறிச்சேன். பறிக்காதது பின்பாதி.”

அறிக்கை மேலே போய்விட்டது, தயவுசெய்து உட்காருங்கள் என்று மேலதிகாரி கெஞ்சினார். யார் கேட்டார்கள்? இருபது நாள் போய்விட்டதே, மோசமாகிவிடுமோ என்று ஷிபா பதற, நாளைக்கே இறங்கினால் போதும் என்றாள் ரெஜிலா.

ஜெபசீலன் நல்ல வித்தியாசத்தில் தோற்றார். அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

“மூடிட்டுதான் இருந்தேன்,” என்றாள் ரெஜிலா. “ஒரு கையும் படல்லன்னு அவரு சொன்னாரு. அவருக்குத் தெரியாது. நீங்களும் தலையாட்டுனிய. எனக்கு அங்கயே அழுகை வந்திட்டு.”

ஜெபசீலன் பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்துகொண்டிருந்தார்.