மரகதத்தின் பச்சைக் குடம்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்து மொத்தத்தையும், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும், நாற்பதே விநாடியில் வீட்டைவிட்டு வெளியே வரவைத்தவன் நான். அதுவும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, வாயே திறக்காமல்.

நம்ப மாட்டீர்கள். பார்கவி மேடமும் நம்பவில்லை.

1998. தெருவுக்குத் தெரு அவசர உதவித் தொண்டர் படை அமைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சந்துக்குள் ஃபயர் இன்ஜின் நுழையாது. ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். ஆகவே ஸ்ட்ரெச்சர், மருந்துப் பெட்டி, பயிற்சி எல்லாம் வேண்டும் என்று மனுப் போட்டேன். ‘இங்கே கைக்குழந்தைகூடத் தயார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். ரிட்டயரானவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அதைச் சோதிக்கத்தான் அதிகாரி பார்கவி ஃபாரமும் ஸ்டாப்வாட்சுமாக வந்தார். கூப்பிட்டால் ஜனம் வருமா? முன்னே நின்று நடத்துவது யார்? வராத ஆளை யாராவது தேடுவார்களா? தேறாவிட்டால் ஸ்ட்ரெச்சர் பக்கத்துச் சந்துக்கு. பக்கத்துச் சந்துக்கு! அதற்கு நான் நிஜமாகவே அடிபட்டிருக்கலாம்.

அடிபட்டவனாக நடிக்க நானே குழாயடியில் படுத்தேன். பார்கவி விசில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு லட்சுமம்மா மட்டும் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

“யாரு, சின்னப்பாவா? போன வாரம் அல்சூர் ஏரியில முதலையப் பாத்தேன்னாரு. கெடக்கட்டும்.”

“ஜீரோ சார். எழுந்திருங்க” என்றார் பார்கவி.

எழுந்தால் ஸ்ட்ரெச்சர் போய்விடும். அசையாமல் கிடந்தேன். அப்போதுதான் தலைமாட்டில் குழாய் ‘கர்ர்ர்’ என்று கனைத்தது. மூன்று நாளாக வராத தண்ணீர்!

பார்கவியின் விரல் பழக்கதோஷத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கியது. அத்தனை கதவும் ஒன்றாகத் திறந்தன. குடங்கள் பறந்தன. ஒரு கண்ணை, பாதிதான், திறந்தேன். கோடிவீட்டு ஓஸ்வால்ட் பாதிச் சவரத்தில் ஓடிவந்தான். சந்தே வரிசையில் நின்றதும் பார்கவியின் விரல் மறுபடி அமுக்கியது. வரிசையின் நட்டநடுவில் நான்.

“குழாய மறிச்சிக்கினு கெடக்குறாரு பாரு!” லட்சுமம்மா முழங்கினாள். “ஓஸ்வால்டு, தலையப் பிடி. கழுத்து மடங்கப் போவுது! ஏய், அந்தப் பலகைய எடுத்தா!”

நாலு பேர் என்னைப் பலகையில் ஏற்றி, முட்டைக்கூடை மாதிரி ஓரமாக வைத்தார்கள். லட்சுமம்மா வரிசையை ஒரு நோட்டம் விட்டாள்.

“மரகதம் பச்சைக் குடம் எங்க? அவதான எப்பவும் முதல் ஆளு?”

எங்கள் சந்தில் ஆளை எண்ணுவதில்லை, குடத்தைத்தான் எண்ணுவோம். ஓஸ்வால்டும் இன்னும் எட்டுப் பேரும் ஓடினார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி, காலையிலிருந்து உள்ளேயே கத்திக் கத்தி மரகதத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கதவைப் பெயர்த்தார்கள். ஈரத்தலையோடு வந்தவள் கரகரத்தாள்:

“என் இடத்துல எவ நிக்கிறா?”

நான் பலகையில் படுத்தபடியே, “மேடம், நாப்பதே விநாடி. எழுதிக்குங்க” என்றேன்.

பார்கவி ஃபாரத்தில் இருந்த ஜீரோவை அடித்தார்.

“ஹௌது சார், ஆமா, நடந்துச்சு. என் கண்ணால பாத்தேன். ஆனா நாப்பது இல்ல.” ஸ்டாப்வாட்சை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “முப்பத்தெட்டு.”