அண்ணிக்கு ஐந்து மதிப்பெண்

அண்ணி வாயைத் திறந்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி வேறொரு நாட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த நாட்டு ஆங்கிலம் மேலே ஏறும், கீழே இறங்கும், நடுவில் நின்று மூச்சு வாங்கும். இவளுக்கோ ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிற வேலை. நாள் முழுக்க ஹெட்போனில் அறுபது குரல்களைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே தலைவலி.

"உங்க குழந்தைகிட்டயாவது ஒழுங்கா பேசுங்க அண்ணி" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டாள்.

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தாள். "எங்க நாட்டுல ஜட்ஜு, டாக்டர் எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்க. அது எங்க இங்கிலீஷ். உன்கிட்ட இரவல் வாங்கல."

அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அண்ணன் நடுவில் கிடந்து முழித்தான்.

அண்ணி நர்ஸ். இங்கே வேலையில் சேர, இவள் மதிப்பெண் போடுகிற அதே தேர்வில் ஒன்பதுக்கு ஏழு வாங்கியாக வேண்டும். தவறினால் மருத்துவமனை அவளுக்காக வைத்திருக்கும் இடம் போய்விடும்.

குரல்கள் பெயரில்லாமல், எண்ணோடு வரும். தெரிந்த குரல் என்றால் மேற்கொண்டு கேட்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஹெட்போனில் அண்ணி பேசினாள். இவள் திருப்பி அனுப்பவில்லை. முழுக்கக் கேட்டு ஐந்து போட்டாள். மனசு குளிர்ந்துபோனது.

பத்தில் ஒரு குரலை இன்னொருவரும் கேட்பார். அண்ணியின் குரல் அப்படி மாட்டியது. அவர் எட்டுப் போட்டார், மூன்றாவதாகக் கேட்டவரும் எட்டு. அண்ணி தேறிவிட்டாள். வீட்டில் இவள் முகத்தைப் பார்க்காமலே சீருடைக்கு இஸ்திரி போட்டாள்.

பத்து நாளில் தலைமை அதிகாரி இவளை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போனது என்றே நினைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டாள்.

"அது எங்க அண்ணி மேடம். கோபத்துல குறைச்சுப் போட்டுட்டேன். மத்தபடி நான் யாருக்கும் அநியாயம் பண்ணதில்ல."

அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இந்த வருடம் அண்ணியின் நாட்டுக்காரர்கள் நாற்பத்தோரு பேரை இவள் கேட்டிருக்கிறாள். அத்தனை பேருக்கும் நான்கோ ஐந்தோதான். வேறு ஆட்களை விட்டு மறுபடி கேட்கச் செய்ததில் எல்லாருக்கும் ஏழு, எட்டு என்று வந்திருந்தது.

"இவங்க எல்லாருமே உங்க அண்ணியா?" என்று கேட்டார்.