சாரல் ஆகாத நாய்

"நாயைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன், தங்கச்சி."

முத்துவடிவு கடைக்குள் குனிந்து நல்லெண்ணெய் அளந்துகொண்டிருந்தாள். குரல் யாருடையது என்று தெரிந்ததும் கையிலிருந்த தூக்கு நிமிர மறந்துவிட்டது. உழக்கு நிறைந்து எண்ணெய் பலகையில் வழிந்தது.

"வாங்க அண்ணாச்சி. நனைஞ்சுக்கிட்டு நிக்கியளே, உள்ள வாங்க."

ஆவுடைநாயகம் உள்ளே வரவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அருவிக்குப் போகிற கூட்டம் இடித்துத் தள்ளத் தெருவிலேயே நின்றார். அவர் மகள் சீனியம்மாள்தான் இந்த வீட்டு மருமகளாக இருந்தவள். தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

சங்கரன்கோவிலுக்கு அந்தப்புறம், கரிசல்காட்டு ஊர் அவருக்கு. அந்தப் பக்கத்து வேட்டைநாயில் கன்னி என்று ஒரு சாதி உண்டு. அவர் வீட்டில் அதைக் காசுக்கு விற்பதில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீரோடு ஒரு குட்டியையும் அனுப்புவார்கள். கல்யாணத்தன்று வண்டியில் அண்டா, குத்துவிளக்கு எல்லாம் இறங்கிய பிறகு, கருப்பாக, இடுப்பு ஒட்டி, காலெல்லாம் குச்சியாக ஒன்று இறங்கியது. முத்துவடிவு சபையில் வைத்தே கேட்டுவிட்டாள். "பசுவும் கன்னும் வரும்னு பாத்தா, பட்டினி கிடந்த நாய்லா வந்திருக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடைநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை.

வந்த நாயும் அப்படித்தான் இருந்தது. குரைக்காது. புது ஆள் வந்தால் மோந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பகல் முழுக்கச் சாக்கில் சுருண்டு கிடக்கும். யாராவது சத்தமாகப் பேசிவிட்டால் மூலைக்குப் போய்விடும், அன்றைக்குச் சோறு தொடாது. முத்துவடிவு பேசினால் பஜாருக்கே கேட்கும். அதனால் முதல் வருசம் நாய் பாதிநாள் பட்டினி. பக்கத்துப் பழக்கடை ஜாஹிரா பீவிக்கு அது ஓயாத வேடிக்கை.

"ஏட்டி முத்துவடிவு, திருடன் வந்தா ஒன் நாய் எந்திரிச்சு அவனுக்கு எடம் விட்டுக் குடுக்கும் போல."

"வாலையாவது ஆட்டுதா பாரு. சீமைத் துரை மாதிரிக் கிடக்கு" என்பாள் முத்துவடிவு.

சீனியம்மாள் அம்மியிலிருந்து நிமிராமல் சொல்லுவாள். "அது வாலாட்டாது அத்தே. பிரியம்னா வந்து சாயும்."

உண்மைதான். அவள் நின்றால் பக்கத்தில் வந்து நின்று, தன் பாரம் முழுவதையும் அவள் காலில் போட்டுச் சாய்ந்துகொள்ளும். அவள் நகர்ந்தால் விழுந்துவிடும் போல இருக்கும். அதனாலேயே அவள் நகரமாட்டாள்.

மார்கழிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல அத்தே" என்றாள். மறுநாளும் அதையேதான் சொன்னாள். மேலுக்கு முடியாதவர்கள் முனகுவார்கள், படுப்பார்கள். இவள் அரைத்தாள், துவைத்தாள். நாய் மட்டும் அவள் பின்னாலேயே, ஓர் அடி விடாமல் நடந்தது. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர், "இத்தனை நாளா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

பிள்ளை இல்லை என்பதால் வந்த சீர் எல்லாம் திரும்பிப் போயிற்று. நாய் அன்னந்தண்ணி இல்லாமல் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. "தேறட்டும், அப்புறம் வாரேன்" என்று ஆவுடைநாயகம் விட்டுவிட்டுப் போனார். பெண்டாட்டி போனபின் முத்துவடிவின் மகன் குற்றாலிங்கம் வீட்டில் இருக்க மாட்டாமல் புனலூர்ப் பக்கம் வேலை தேடிப் போய்விட்டான். முத்துவடிவு கம்பங்கஞ்சி காய்ச்சி, விரலில் தொட்டு அதன் வாயில் வைத்தாள். சத்தம் ஆகாதே என்று மெதுவாகப் பேசிப் பழகினாள். பேச வேறு ஆளும் இல்லை. மாசி கழிந்து ஒரு சாயங்காலம், அரிசி களைந்துகொண்டிருந்தவள் முதுகில் ஏதோ பாரம் இறங்கியது. அரிசியை அப்படியே வைத்துவிட்டு, இருட்டுகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது தேறிவிட்டது. அவர் வந்துவிட்டார்.

"சாப்பிடுதா?" என்று கேட்டார்.

"சாப்பிடுது. கம்பங்கஞ்சியில மோரு ஊத்தினா இன்னும் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுது." கொஞ்சம் நிறுத்தி, "சாரல் முடியட்டுமே அண்ணாச்சி. புரட்டாசியில வந்து கூட்டிட்டுப் போனா ஆகாதா?" என்றாள்.

"சாரல்தான் அதுக்கு ஆகாது, தங்கச்சி. தோலு காகிதம் மாதிரி. கரிசல்ல பிறந்தது. அங்கன வெட்டவெளி, முயல் கியல் கண்டா ஓடும். இங்கன பாறையும் கடையுமா இருக்கு, எங்க ஓடும்?"

அது ஓடி அவள் பார்த்ததேயில்லை.

"அவ போனப்புறம் வீட்டுல சத்தமே இல்ல" என்றார் அவர், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"இது வந்தா மட்டும் சத்தம் போடுமா?"

"போடாது. இருக்கும்."

சாக்கில் கிடந்த நாயைப் பார்த்தார். அதன் மேல் கட்டியிருந்த துணி முத்துவடிவின் அரக்குச் சேலையில் கிழித்தது. கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்த சேலை. அவருக்கு அது அடையாளம் தெரிந்தது போல இருந்தது.

"கயித்தை நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். சோறு போட்ட கை குடுக்காம நான் வாங்கப்படாது. எங்க பக்கத்து முறை."

கொடுக்க மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மனிதர் வெறுங்கையோடு திரும்பிவிடுவார். முத்துவடிவுக்கு அது தெரிந்தது. மகளையும் கொடுத்துவிட்டு நிற்கிறவர். அவள் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள், நாயின் கழுத்தில் மாட்டினாள், ஈரம் தோய்ந்திருந்த துணியை அவிழ்த்துக்கொண்டாள், கயிற்றை நீட்டினாள்.

நாய் எழுந்து அவரோடு போயிற்று. இழுக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை.

"பாத்தியாட்டி, திரும்பிக்கூடப் பாக்கல. இத்தனை நாள் ஊட்டி வளத்தியே!" என்றாள் ஜாஹிரா பீவி.

முத்துவடிவு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வால் வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தது. பின்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. நடை மட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்தபோது சீனியம்மாளும் ஒருத்தர் தோளையும் பிடிக்காமல் இப்படித்தான் நடந்து போனாள்.

"அண்ணாச்சி! நில்லுங்க!"

பஜாரே திரும்பிப் பார்த்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு, பெட்டியிலிருந்த காய்ந்த சேலை ஒன்றை உருவிக்கொண்டு ஓடினாள். ஈரத்தெருவில் மண்டியிட்டு அதன் முதுகில் சேலையைப் போர்த்தி, வயிற்றுக்கடியில் முந்தானையைக் கொண்டுவந்தாள். "குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? வாயத் தொறந்து சொன்னாத்தான என்ன?" என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

நாய் தன் பாரம் முழுவதையும் அவள் தோளில் இறக்கியது.

தெருமுனையில் சங்கரன்கோவில் பஸ் ஆரன் அடித்தது. ஆவுடைநாயகம் நகரவில்லை. அவர் கைக்கும் நாயின் கழுத்துக்கும் நடுவில் கயிறு தொய்ந்து, தெருத் தண்ணீரில் கிடந்து நனைந்தது. முந்தானையின் இரண்டு நுனியும் முத்துவடிவின் கையில் இருந்தன. முடிச்சை இன்னும் போடவில்லை.