நான்கு மணிக்கு உயரும் கைகள்

1

இந்தக் கதை பெரிய உந்துதலில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. கிர்க்லோன் ரோவர்ஸ் கால்பந்துக் கிளப்புக்கு நூற்றாண்டு வருகிறது, வரலாறு எழுத வேண்டும் என்று கமிட்டி கூடியது. காய்ச்சலால் நான் போகவில்லை. வராதவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

நூறு வருடத்தில் நாங்கள் ஜெயித்தது ஒரே ஒரு கோப்பை. ஆகவே வரலாற்றில் ஒரு அத்தியாயம் வெற்றி, மிச்சமெல்லாம் மழை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘எதிரிகளின் நெஞ்சில் இடியாக இறங்கிய அந்தத் தலைமுட்டு கோல்...’

(விட்டுவிட்டேன். காரணம் கீழே.)

2

அந்த கோலை அடித்தவர் வாட்டி பிரிங்கிள். இப்போது எண்பதைத் தாண்டியவர். பக்கத்து ஊர் ஆக்டர்பர்னுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், தேவாலய மணி நான்கு அடிக்கும்போது தலையால் முட்டி உள்ளே தள்ளினார். தலையால் அல்ல, கையால் என்று ஆக்டர்பர்ன்காரர்கள் அன்றிலிருந்து கரடியாகக் கத்துகிறார்கள்.

இப்போது கத்துவதுகூட இல்லை. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் மைதானத்தில் இரண்டு ஊரும் மோதும்போது, மணி நான்கு அடித்ததும் அவர்கள் பக்கம் அத்தனை பேரும் வாய் திறக்காமல் வலது கையைத் தூக்குவார்கள். எங்கள் பக்கம் அத்தனை பேரும் திரும்பி முதுகைக் காட்டுவோம். நடுவர் இதற்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. (கிளப்பின் மிக அழகான கோல் அப்படி ஒரு நான்கு மணிக்குத்தான் விழுந்தது என்கிறார்கள். எங்களில் யாரும் பார்க்கவில்லை.)

வாட்டியிடம் வரலாறு கேட்கப் போனேன். டீ கொடுத்தார்.

“எழுதிக்கோ தம்பி. அது கைதான்.”

நான் பேனாவை மூடினேன்.

“பாத்தியா, மூடிட்ட. இத்தன வருஷமா யார்கிட்ட சொன்னாலும் இதே கததான்.”

அவரை உறுத்தியது கோப்பை அல்ல. சாண்டி மட்ச், ஆக்டர்பர்னின் அன்றைய கோல்கீப்பர். கை, கை என்று கதறி நடுவரின் சட்டையைப் பிடித்தார். அத்தோடு அவரைக் கால்பந்திலிருந்தே விலக்கிவைத்தார்கள். பிறகு அவர் கையுறை மாட்டவே இல்லை. இன்றும் கைத்தடியோடு வந்து முதல் ஆளாகக் கை தூக்குவது அவர்தான். அவர் தூக்காமல் அங்கே யாரும் தூக்க மாட்டார்கள்.

“அவன் சொன்னதுதான் நெசம்னு அவனுக்குத் தெரியப்படுத்தணும். நான் போறதுக்குள்ள. இல்ல, அவன் போறதுக்குள்ள.”

(இங்கே ‘வாட்டி கண் கலங்கினார்’ என்று எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை. டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து விழுந்ததற்கு பிஸ்கட்டைத் திட்டினார்.)

நேரே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கிறார். வாட்டியின் தலை தெரிந்ததும் சாண்டி கதவைச் சாத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாராம்.

3

கிளப் தலைவி நெட்டா கார்ஸ்வெல்லிடம் சொன்னேன். வாட்டிக்கு வயதாகிவிட்டது, எல்லாம் மறந்துபோகிறது என்றார். அதே மூச்சில், நூற்றாண்டு விழாவில் அந்த கோலைப் பற்றி வாட்டிதான் பேச வேண்டும், அவருக்கு அபாரமான ஞாபகசக்தி என்றும் சொன்னார்.

வாட்டி பாதிரியாரிடம் போனார். இரண்டு ஊருக்கும் பாதிரியார் ஒருவர்தான். பாவத்தைக் காது கொடுத்துக் கேட்பது தங்கள் சபை வழக்கத்தில் இல்லை என்று அவர் நழுவிவிட்டார்.

விஷயம் எப்படியோ காதில் விழுந்து, ஆக்டர்பர்ன் கிளப்பின் செயலாளர் டூகல் மெக்ஃபெயில் என் வீட்டுக்கே வந்தார். ‘வெற்றிக் களிப்போடு வந்தார்’ என்று எழுதினால் கதைக்கு வசதி. வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“கைதான்னு நீங்களே ஒத்துக்கிட்டா, அப்புறம் நாங்க எதுக்குய்யா வரணும்?” என்றார். “மத்த ஆட்டத்துக்கெல்லாம் பாக்க வர்ற ஆளுங்களோட நாயையும் சேத்து எண்ணுறோம். இந்த ஒரு ஆட்டந்தான் ரெண்டு கிளப்புக்கும் கஞ்சி ஊத்துது. ஒங்க பெரியவரக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க.”

தலைமுறையாக நியாயம் கேட்டுக் கை தூக்கிய ஊர், நியாயம் கிடைத்துத் தொலைக்குமோ என்று பயந்து என் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் போன பிறகு கோபம் வந்தது.

4

இந்த வருட ஆட்டத்தில் வாட்டி என்ன செய்தார் என்பதை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன்.

எல்லோரோடும் சேர்ந்து முதுகைக் காட்டினார். (நெட்டாவின் முடிவு. நூற்றாண்டு மலரில் இதுதான் அச்சாகிறது.)

மைதானத்துக்குள் ஓடி, சாண்டியைக் கட்டிப்பிடித்து... (அவர் முழங்கால் இருக்கும் லட்சணத்துக்கு ஓட்டமா? அடித்தாயிற்று.)

இனி நான் பார்த்தது. நானும் முதுகைக் காட்டித்தான் நின்றேன். ஆனால் எழுதுகிறவனுக்குக் கழுத்து கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் கைகள் உயர்ந்தன. இந்தப் பக்கம் முதுகுகள் திரும்பின. வாட்டி மட்டும் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையை மெல்ல உயர்த்தினார். அதே கை.

“யாருக்கோ டாட்டா காட்டுறாரு. கண்டுக்காதீங்க,” என்றார் நெட்டா, சுவரைப் பார்த்தபடி. எதிரே டூகல் தன் ஆட்களிடம் மேகத்தைக் காட்டி, மழை வருமா என்று அவசரமாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஊரும் பார்க்க மறுத்த கையை ஒருவர் பார்த்துவிட்டார். சாண்டி மட்ச். அவர் கையும் மேலேதான் இருந்தது.

வாட்டி ஒப்புக்கொண்டதை ஏற்று சாண்டி கையை இறக்கினால் வாட்டிக்கு விடுதலை. ஆனால் அடுத்த வருடம் யார் வருவார்கள்? இரண்டு கிளப்பையும் இழுத்து மூடலாம். இறக்காவிட்டால் கிளப்புகள் பிழைத்துக்கொள்ளும். வாட்டி அந்தக் கையோடுதான் மண்ணுக்குள் போக வேண்டும். கிளப்பை விட்டால் எனக்கு வேறு சனிக்கிழமை கிடையாது. வாட்டியைப் போல எனக்கு வேறு சிநேகிதரும் கிடையாது. என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் இரண்டு ஊரையும் சேராதவர், சாண்டி கையை இறக்கட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

மணி ஓய்ந்துவிட்டது. எங்கள் ஆட்கள் திரும்பப் போகிறார்கள். வாட்டி இன்னும் கையை இறக்கவில்லை. வயதான தோள், நடுங்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.