காணாமல் போன சீட்டுக்கு ஸ்தோத்திரம்

...இன்னும் மூன்று பேர், அப்புறம் நான், மைக் எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டது, மாதக் கடைசி ஞாயிறென்றால் இப்படித்தான், ஒருவர் விடாமல் எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும், அந்த நேரம் பார்த்து தண்ணீர் குடிக்க எழுந்திருப்பவர்களைப் போதகர் கண்ணாலேயே உட்கார வைத்துவிடுவார். ஒன்றும் தோன்றாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது அந்த ஒரு வரி, இம்மட்டும் நடத்திய தேவனுக்கு ஸ்தோத்திரம், சொல்லிவிட்டு உட்காரலாம், ஆறு மாதமாக நான் அதில்தான் காலம் தள்ளுகிறேன். இப்போது டீச்சரம்மா பேசுகிறார், மூட்டு வலி தீர்ந்த கதைக்குக் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்கிறவர், மற்ற நாள்களில் எரிச்சல் வரும், இன்றைக்கு என்னவோ பேசட்டும் அம்மா, பேத்தி பிறந்தது வரைக்கும் வரட்டும் என்றிருக்கிறது. அவருக்கு அடுத்து அவர் மருமகள், அடுத்து பாட்டுக்காரி, அவள் தோள் என் தோளில் இடிக்கிறது, ஏன் இன்றைக்கும் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள், வேறு இடமா இல்லை?

பாட்டுக்காரி என்று பெயர் வைத்தது நான்தான், மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் என் எதிர் மேஜை அவளுடையது, நான் லென்ஸ் தீட்டுவேன், அவள் ஃபிரேமில் மாட்டுவாள், மெஷின் இரைச்சலையும் மீறி முணுமுணுவென்று ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள், வாயைக் கொஞ்சம் மூடேன் என்பேன், அதற்கும் சிரிப்பாள். சபைக்கு அவளைக் கூட்டி வந்ததும் நான்தான், அந்தப் பெருமை வேறு எனக்கு. அந்த வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடப் போயிருந்தாள், எனக்கு உபவாச ஜெபத்துக்குக் கிளம்ப அவசரம், ஒரு ஜோடிதானே என்று நானே மாட்டினேன், வலது கண்ணுக்கு உள்ளதை இடதில், இடது கண்ணுக்கு உள்ளதை வலதில், ஆர்டர் சீட்டில் மாட்டியவர் என்ற இடத்தில் என் கையெழுத்தையும் போட்டுவிட்டு ஓடினேன், ஜெபம் பண்ண ஓடினேன். அன்று சாயங்காலமே அந்தக் கண்ணாடியை வாங்கிப் போட்டவர் படியில் கால் தவறி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். முதலாளி சீட்டைத் தேடினார், சீட்டு இல்லை, மாட்டுவது அவள் வேலை, எனவே தப்பும் அவளுடையது, சனிக்கிழமை சாயங்காலமே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே துடைத்த லென்ஸ். மறுநாள் இதே பெஞ்சில் எழுந்து நின்று என்ன சொன்னேன்? பெரிய ஆபத்திலிருந்து ஆண்டவர் என்னைத் தப்புவித்தார், அவருடைய இரக்கம் பெரியது என்றேன், என்ன ஆபத்து என்று சொல்லவில்லை, சீட்டை அவர்தான் மறைத்தார் என்று மனதார நம்பினேன், கண்ணீர்கூட வந்தது, வெட்கங்கெட்ட கண்ணீர். எல்லாரும் ஆமென் என்றார்கள், இவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மருமகள் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள், கடங்காரி, இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கக் கூடாதா, பாட்டுக்காரி எழுந்துவிட்டாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறாள், கைகளைப் பார்க்கிறேன், விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கிறது. "வேலை போய் ஆறு மாசம் ஆச்சு. இப்ப ரெண்டு கட்டடத்துல மாடிப்படி துடைக்கிறேன். முழங்கால் வலிக்கத்தான் செய்யுது. ஆனா காலைல எழுந்தா மனசு நிறைஞ்சிருக்கு, எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் உறுத்திட்டு இருந்துச்சு. அன்னிக்கு முதலாளி சீட்டு எங்கன்னு கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லிட்டேன். அது பொய். சீட்டு என் பையிலதான் இருந்துச்சு. அதை ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் மன்னிச்சுட்டாரு. இப்ப ஒரு குறையும் இல்ல." அவ்வளவுதான், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. டீச்சரம்மா உச்சுக்கொட்டுகிறார், ஓ, தன் தப்பை மறைக்கச் சீட்டை ஒளித்தவள் என்று நினைத்துவிட்டார், பின்வரிசையும் அப்படித்தான் நினைக்கும், போதகர் முகத்திலும் அதுதான், பாவம் இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தாளே என்கிற முகம். அந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவள் பாட்டுக்கு நிற்கிறாளே... என் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டிருக்கிறாள், பார்த்துவிட்டுத்தான் மறுநாள் ஆமென் சொன்னாள், ஆறு மாதமாகப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கத்தில் உட்காருகிறாள். எனக்குக் காது மடலெல்லாம் எரிகிறது, பெஞ்சுக்கு அடியில் நுழைந்துகொள்ளலாம் போலிருக்கிறது, இவள் இடத்தில் நானிருந்தால் அந்தச் சீட்டை ஊரெல்லாம் ஒட்டியிருப்பேன்.

மைக்கை நீட்டுகிறாள். "இந்தாங்கக்கா, ஆன்லதான் இருக்கு, அப்படியே பேசுங்க." முகத்தைப் பார்க்கிறேன், குத்தலில்லை, கெஞ்சலில்லை, பட்டறையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுப்பாளே, அதே முகம். எழுந்து நிற்கிறேன், முழங்கால் பெஞ்சில் இடிக்கிறது. சொல்லிவிட்டால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது, வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது, அவர் அதோ ஆண்கள் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லாவிட்டால்... இதோ அந்த ஒரு வரி நாக்கில் தயாராக இருக்கிறது, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், இவளே ஆமென் சொல்வாள், அதுதான் பயமாக இருக்கிறது. சொல்லுங்க சகோதரி என்கிறார் போதகர். ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கிறேன், என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது, வழக்கம்போல் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கப் போகிறேன், ஆனால் இவள் இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த வார்த்தையை எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.