திணைப்பிழை

அந்தப் பதிப்பகத்தில் அச்சுக்குப் போகும் எதுவும் மெய்ப்பு பார்ப்பவளின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பள்ளி இலக்கண நூலானாலும் சரி, கழிவறைக் கதவில் ஒட்டும் அறிவிப்பானாலும் சரி. அவள் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் படிப்பதில்லை. அந்த வழக்கப்படியே, அவள் கொடுத்த புகாரின் மேல் விசாரணைக் குழு எழுதிய அறிக்கையும் அவளிடமே வந்து சேர்ந்தது.

நிர்வாக அலுவலர் கொஞ்சம் நெளிந்தார். ஊழியர் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்றார். "ஒற்றுப்பிழை மட்டும் பாத்தா போதும்மா. பொருளுக்குள்ள போக வேண்டாம்."

எட்டு மாதத்துக்கு முன் காகிதக் கிடங்கில் விற்பனை மேலாளர் தன்னை என்ன செய்தார் என்று அவள் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். குழு அதை மூன்று வாக்கியத்தில் முடித்திருந்தது. 'கிடங்கின் கதவு தாழிட்டுக்கொண்டது. கை பட்டது. அசௌகரியம் ஏற்பட்டது.' பாவம் கை, தானாகவே படியிறங்கிக் கிடங்குக்கு வந்திருக்கிறது.

புதுக் காகிதத்தின் வாசனைக்காகவே இந்த வேலைக்கு வந்தவள் அவள். இப்போது கட்டுப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே குமட்டுகிறது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் போதவில்லையா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஒருநாள் மகள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டபோது அலறிவிட்டாள். அன்றிலிருந்து குழந்தை முன்னால் வந்து நின்று, "அம்மா, தொடட்டுமா?" என்று கேட்கிறது. அறிக்கை இதையெல்லாம் ஒரே வரியில் குணப்படுத்தியிருந்தது: 'புகார்தாரருக்கு ஏற்கெனவே வயிற்றுக் கோளாறு உண்டு.'

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்து, எழுவாய் எங்கே என்று ஓரத்தில் எழுதினாள். அலுவலர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அது தோன்றா எழுவாய்ம்மா. நம்ம புத்தகத்துலயே இருக்கே."

"தோன்றா எழுவாய்னா வினையைப் பாத்ததும் ஆள் தெரியணும் சார். இது திணைப்பிழை. மனுஷன் செஞ்சதை எல்லாம் கதவும் கையும் செஞ்ச மாதிரி போட்டிருக்கு."

அந்த மனுஷனை உயர்திணையில் சேர்க்கலாமா என்பது வேறு வழக்கு. இலக்கணப் புத்தகம் விற்றே சம்பளம் வாங்கினாலும் அலுவலருக்கு இலக்கணம் என்றால் கிலி. பிழை என்றால் திருத்திவிடச் சொல்லிவிட்டு, வராத தொலைபேசியை எடுக்கப் போய்விட்டார்.

அவள் திருத்தினாள். 'விற்பனை மேலாளர் கதவைத் தாழிட்டான். அவளைச் சுவரோடு அழுத்தினான். அவள் வேண்டாம் என்றாள். அவன் விடவில்லை.' கீழே, 'அச்சிடலாம்.'

கணினியில் எழுத்துக் கோப்பவர் தாளோடு வந்தார். படித்திருந்தார் போல, முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, மேலாளர்னா 'ஆர்' விகுதிதானே வரும்?"

"'ஆன்'தான் சரி. அப்படியே போடுங்க."

மாலைக்குள் நூற்றிருபது பிரதியும் சூடாக வந்து இறங்கின. புதுக் காகித வாசனை. குமட்டிக்கொண்டுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டே ஒரு பிரதியை எடுத்து முழுவதும் படித்தாள். பிழை ஒன்றும் இல்லை.