இரும்போடு இரும்பு

ரெனிட்டா சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தாள். இடப்பக்கம் சுத்தம். வலப்பக்கத்தில் மட்டும் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் டிக்.

"போச்சு" என்று சாவியை அணைத்தாள்.

தம்பி லமான்ட் கோட்டும் டையுமாக ஷெட் வாசலில் நின்றிருந்தான். மணி எட்டே கால். பதினொரு மணிக்குச் சர்ச்சில் அம்மாவுக்கு இறுதி ஆராதனை.

"ஏன்க்கா, நல்லாத்தானே ஓடிச்சு?"

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். நீ இன்சூரன்ஸ் ஆபீஸ்காரன். வலப்பக்கம் புகை கசியுது."

"யாருக்கு அது கேக்கப் போவுது?"

"அம்மாவுக்கு."

அம்மா சொல்லிவைத்தது லமான்டுக்கும் தெரியும். 'என் பெட்டிக்குப் பின்னால என் வண்டிதான் வரணும். டிக் டிக்குனு வந்தா எந்திரிச்சு உக்காந்துருவேன், சொல்லிட்டேன்.'

அம்மா ஒடெஸா ப்ரூயிட், சாகினா ஆற்றோரத்து இரும்பு வார்க்கும் பவுண்டரியில் இருபத்தொன்பது வருஷம் கோர் அறையில் நின்றவள். மண்ணை எண்ணெய் விட்டுப் பிசைந்து, பெட்டியில் அடித்து, சுட்டு எடுப்பதுதான் கோர். அதை அச்சுக்குள் வைத்து இரும்பை ஊற்றினால் கோர் இருந்த இடம் பொந்தாக நிற்கும். எஞ்சினின் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டுக்கு அந்தப் பொந்துதான் உயிர். எழுபதாம் வருஷம், இருபத்திரண்டு வயதில், சொந்தச் சம்பளத்தில் இந்தப் பச்சை செவெல் காரை வாங்கினாள். "கறுப்புப் பொண்ணுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய எஞ்சின்?" என்று கேட்ட விற்பனைக்காரனிடம், "அதுக்குள்ள பாதி நான் பண்ணது" என்றாளாம். இந்தக் கதையை ஞாயிறு தவறாமல் யாருக்காவது சொல்வாள். சொல்லச் சொல்ல அந்த ஆள் இன்னும் கொஞ்சம் குள்ளமாவான்.

எழுபத்தொன்பதில் அப்பா ஆசைப்பட்டு, பக்கத்துக்கொன்றாக இருந்த இரும்பு மேனிஃபோல்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் பளபளக்கிற குழாய்களை மாட்டினார். அம்மா அவரை எத்தனையோ விஷயங்களுக்கு மன்னித்திருக்கிறாள். இதற்கு மட்டும் இல்லை. நாற்பது வருஷம் தேடி, போன கோடையில் டொலீடோ பழைய சாமான் சந்தையில் ஒரு ஜோடியைப் பிடித்தாள். வார்ப்பின்மேல் தேதி இருந்தது: மார்ச் பதினாலு, எழுபது. "அன்னிக்கு நான் வேலைக்குப் போயிருக்கேன்" என்று பழைய நாட்குறிப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சொல்லும்போதும் அந்தக் குரலில் ஒரு மிடுக்கு.

மாட்டுகிற வேலை ரெனிட்டாவுடையது. இருபத்தாறு வருஷமாக நகரத்துப் பஸ்களைப் பிரித்துப் பூட்டுகிறவள். சண்டை வந்தது கேஸ்கெட் விஷயத்தில்தான். எஞ்சினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு வைத்தால் கசியாது என்பது ரெனிட்டாவின் கட்சி.

"கம்பெனியில அதெல்லாம் வெக்கல. சேர்ற முகத்தை நல்லா இழைச்சுட்டா இரும்பு இரும்போட அப்படியே உக்காரும். நடுவுல தரகன் எதுக்குடி?" என்றாள் அம்மா.

"இப்ப யாரும் அப்படிப் பண்றதில்லம்மா."

"இப்ப எவனுக்கு இழைக்கத் தெரியுது?"

அம்மா தூங்கிய நேரம் பார்த்து ரெனிட்டா வலப்பக்கத்தில் கேஸ்கெட்டை வைத்தே பூட்டிவிட்டாள். மனசு கேட்காமல் இடப்பக்கத்தை மட்டும் அம்மா சொன்னபடி செய்தாள். திங்கள்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள்.

"நடுவுல ஒண்ணும் வெக்கலையே?"

"வெக்கலம்மா."

அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். வாயில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு ஐஸ் கேட்டாள். செவ்வாய் விடிந்தபோது போய்விட்டாள்.

இப்போது ரெனிட்டா கறுப்பு உடைக்குமேல் வேலை அங்கியை இழுத்து மாட்டினாள். "கோட்டைக் கழட்டிட்டு வந்து லைட்டைப் புடி. வலப்பக்கத்தைத் திரும்பப் பிரிக்கணும்."

"இப்பவா?"

"எட்டே போல்ட்டுதான்."

இரும்பு சுட்டது. முதல் போல்ட்டிலேயே மணிக்கட்டில் சுரீரென்று பட்டது. மூன்றாவது போல்ட்டில், கேட்காமலே விஷயத்தைச் சொன்னாள். லமான்ட் விளக்கைத் தாழ்த்தினான்.

"அம்மாகிட்ட பொய் சொன்னியா?"

"ஆமா."

"சாகுறதுக்கு முந்தின நாள்?"

"ஆமாடா. லைட்டைத் தூக்கு."

"நம்ம அம்மாகிட்ட! நீயி!" அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவங்க நம்பியிருப்பாங்கன்னா நெனைக்கிற?"

ரெனிட்டாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது வெட்கமாக இருந்தது.

இறுதிச் சடங்கு நிலையத்திலிருந்து போன் வந்தது. குடும்பத்தாருக்கு லிமோசின் கழுவித் தயாராக இருக்கிறதாம், அனுப்பலாமா என்று கேட்டார்கள். ஆறு போல்ட்டுகள் தரையில் கிடந்தன. லமான்ட் பனியனோடு நிமிர்ந்து நின்று, "வேண்டாம்ங்க, எங்கம்மா வண்டி வருது" என்றான். அதைச் சொன்ன மிடுக்கு அப்படியே அம்மாவுடையது. ரெனிட்டா அவனை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள்.

கடைசி போல்ட் அசையவில்லை. உடைந்து பாதி உள்ளே மாட்டிக்கொண்டால் இன்றைக்கு ஒன்றும் நடக்காது. துரு எண்ணெய் விட்டு, எதிர்ப்பக்கமாக ஒரு மயிரிழை இறுக்கினாள். பிறகு தளர்த்தினாள். மறுபடி இறுக்கினாள். லமான்ட் வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். கிறீச்சென்று போல்ட் வழிவிட்டது.

வெளியே வந்த கேஸ்கெட்டின் ஓரம் கிழிந்து, அந்த இடம் கரியாக இருந்தது. முகங்களைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தாள். அம்மா உட்கார்ந்து இழைக்கவைத்த முகம். கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் ஒன்றும் வைக்காமல் சேர்த்து, நடுப் போல்ட்டிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

பத்து இருபதுக்குச் சாவியைத் திருப்பினாள். அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் கனத்த உறுமல் மட்டும் கேட்டது. லமான்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க் காது வைத்தான்.

"ஒண்ணும் கேக்கலக்கா."

"அதான் வேணும்."

சர்ச்சில் இடமில்லாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் விசிறி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரெனிட்டாவுக்கும் ஒரு ஜோடி கையுறை வந்தது. கிரீஸ் ஏறிய கையைப் பார்த்துவிட்டு அவள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கறுத்த கையாலேயே அம்மாவின் கையைத் தொட்டாள்.

பெட்டியை அமரர் ஊர்தியில் ஏற்றியபின் செவெலை அதன் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் முப்பது, நாற்பது வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசை கட்டின. கூட்டத்திலிருந்து எசெல் மாமா கைத்தடியோடு வந்தார். பவுண்டரியில் அம்மா வைத்த கோர்களின்மேல் இரும்பை ஊற்றியவர். அந்த இரைச்சலில் காது போய் இருபது வருஷம் ஆகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வலப்பக்கத்து மட்கார்டின்மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா உயிரோடு இருந்தால் அந்தப் பெயின்டின்மேல் ஒரு விரல் வைக்க விட்டிருக்க மாட்டாள்.

அதிர்வைக் கையாலேயே கேட்டார். பிறகு ஜன்னலருகே குனிந்து, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார்.

"நடுவுல ஒண்ணும் வெக்கலையே?"

ரெனிட்டா அவர் உதட்டைப் படிக்கும்படி நேராகத் திரும்பி, "வெக்கல மாமா" என்றாள்.

"ஒடெஸா வீட்டுப் பொண்ணு" என்று ஊருக்கே சொல்லிவிட்டு அவர் விலகி நின்றார்.

பச்சைப் பெயின்டில் அவருடைய ஐந்து விரல்களும் ஈரமாகப் பதிந்திருந்தன. லமான்ட் துணியை எடுத்துக்கொண்டு இறங்கப் போனான்.

"இருக்கட்டும்டா" என்றாள் ரெனிட்டா. ஊர்தி நகர்ந்தது. அவள் நான்கு ஜன்னல் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக் கியரைப் போட்டாள்.